மழை கேட்காத வீடு

"பேரவை ஆண்டிதழுக்கு ஒரு கட்டுரை வேண்டும் அக்கா. இந்த ஆண்டுக் கரு 'வீடு'. எதை வேண்டுமானாலும் எழுதுங்கள்" என்று இதழாசிரியர் குழுவிலிருந்து ஒரு தம்பி கைப்பேசியில் அழைத்தபோது நான் ஏணியில் பாதி ஏறி நின்றுகொண்டிருந்தேன். மறு கையில் அளவு நாடா. "இப்போது வீட்டைப் பற்றி எழுதச் சொன்னால் கூரையைப் பற்றித்தான் எழுதுவேன் தம்பி" என்றேன். சிரித்தார். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அது 2023ஆம் ஆண்டு. அந்த இதழுக்கு என்னால் எழுதித் தர முடியவில்லை. கூரைக்கு வாங்கிய கடனை அடைத்த பிறகுதான் அதைப் பற்றி நிதானமாக எழுத மனம் வந்தது. எனவே அந்தத் தம்பி என்னை மன்னிக்க வேண்டும். அவரும் இப்போது பட்டம் பெற்று வேலைக்குப் போயிருப்பார். அவர் பெற்றோரின் வீட்டிலும் எங்காவது ஒழுகிக்கொண்டிருக்கலாம்.

எங்கள் வீடு கோல சிலாங்கூர் வட்டாரத்தில் ஒரு தாமானில் இருக்கிறது. ஒரு மாடி வரிசை வீடு. அப்பாவும் அம்மாவும் வேலை செய்த தோட்டம் மேம்பாட்டுக்கு விற்கப்பட்டு, லயங்களை இடிக்கப் போகிறார்கள் என்று அறிவிப்பு வந்த பிறகு, 1996இல் அங்கே குடிவந்தோம். மலிவு விலை வீட்டுக்கு அப்போது அரசாங்கம் வைத்திருந்த விலை 25,000 வெள்ளி. அப்பாவின் சேமநிதி கொஞ்சம், அம்மாவின் சங்கிலி, மீதி வங்கிக் கடன். எனக்கு எட்டு வயது, தம்பிக்கு ஐந்து. லாரியிலிருந்து இறங்கிய அம்மா வாசலில் நின்று நிமிர்ந்து பார்த்து, "ஓடு இல்லையா?" என்று கேட்டார். அறைகள் எத்தனை, குழாயில் தண்ணீர் வருகிறதா என்றெல்லாம் கேட்பதற்கு முன்னால் அந்த வீட்டைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

ஓடு இல்லை. சாம்பல் நிறத்தில் அலை அலையாகச் சிமெண்டுத் தகடுகள்தாம் இருந்தன. "தகரத்துக்கு இது எவ்வளவோ மேல்" என்று அப்பா சமாதானம் சொன்னார். அம்மா பதில் சொல்லாமல் சாமிப் படத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

இருபத்தாறு ஆண்டுகள் அந்தத் தகடுகள் தாக்குப் பிடித்தன. 2022ஆம் ஆண்டின் கடைசி மழையில் வரவேற்பறைச் சீலிங்கில் பழுப்பு நிறத்தில் ஒரு கறை தோன்றி, நாளுக்கு நாள் வளர்ந்து, ஏதோ ஒரு நாட்டின் வரைபடம் போல் ஆனது. தார் பூசினோம். ஒழுகல் அடுக்களைக்கு நகர்ந்தது. மறுபடியும் பூசினோம். படுக்கையறைக்கு வந்தது. 2023 பொங்கலுக்கு ஜொகூரிலிருந்து தம்பியும் வந்திருந்தான். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சரியாக அவன் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு சொட்டு விழுந்தது. கூரையை மாற்றுவது என்று அன்றைக்கே முடிவாயிற்று.

என்ன கூரை என்பதில்தான் சிக்கல். அம்மாவுக்கு ஓடு வேண்டும். தம்பிக்கும் ஓடுதான், அவன் கணக்கு வேறு, ஓட்டு வீடென்றால் விற்கும்போது விலை ஏறுமாம். அப்பாவோ, "ஜிங்கு போதும்" என்றார். நான் கட்டுமானப் பொறியியல் படித்தவள் என்பதால் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுகள் படித்ததற்கு வீட்டில் முதன்முதலாக ஒரு வேலை வந்தது!

அம்மாவின் ஓட்டு ஆசை புரிய வேண்டுமானால் தோட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இன்று பேரவையில் இருக்கும் தம்பி தங்கைகளில் பெரும்பாலோர் பட்டணத்தில் பிறந்தவர்கள். எங்கள் தோட்டத்தில் ஒரு வீட்டில் யார் இருக்கிறார் என்று அறிய கதவைத் தட்ட வேண்டியதில்லை, கூரையைப் பார்த்தால் போதும். குன்றின் மேல் துரை பங்களாவுக்குச் சிவப்புக் களிமண் ஓடு. அதற்குக் கீழே கிராணியார் வீட்டுக்கும் ஓடு, கொஞ்சம் பாசி பிடித்திருக்கும். மண்டோர் வீட்டுக்குத் தகரம், ஆனால் சாயம் பூசிய தகரம். லயத்துக்குத் துருவேறிய தகரம். தாத்தா காலத்தில் லயம் அத்தாப்புக் கூரையாக இருந்ததாகவும், உள்ளே குளுகுளுவென்று இருக்குமென்றும் பாட்டி சொல்வார். நீப்பா ஓலையை மடித்துக் குச்சியில் கோத்து வரிசையாக அடுக்கினால் வெயில் இறங்காது. ஆனால் ஒரு பொறி விழுந்தால் தீர்ந்தது. சிங்கப்பூர் புக்கிட் ஹோ சுவீயில் 1961 மே 25ஆம் நாள் பிடித்த தீயில் ஏறக்குறைய 16,000 பேர் வீடிழந்தார்கள். அங்கே பெரும்பாலானவை அத்தாப்பு வீடுகள். கோலாலம்பூரிலும் அதற்கு எண்பது ஆண்டுகள் முன்பே இதே கதை நடந்திருக்கிறது. 1881இல் ஊர் தீப்பிடித்து எரிந்து, அதே ஆண்டில் வெள்ளமும் வந்தது. அதன் பிறகு பிரிட்டிஷ் அதிகாரி சுவெட்டன்ஹம் செங்கல்லாலும் ஓட்டாலும்தான் வீடு கட்ட வேண்டும் என்று வலியுறுத்தினார். செங்கல் சூளைகள் இருந்த இடம்தான் நம்மவர்கள் நாள்தோறும் போய்வரும் பிரிக்பீல்ட்ஸ். தோசை சாப்பிடப் போகும்போது யாரும் இதை நினைப்பதில்லை, நானும்தான்.

தகரக் கூரைக்கு வருவோம். மழை பெய்தால் லயத்தில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. வானொலியை நிறுத்திவிடுவோம். தோட்டத் தமிழ்ப்பள்ளிக்கும் தகரக் கூரைதான். மழை வலுத்தால் ஆசிரியர் பாடத்தை நிறுத்திவிட்டு, கரும்பலகையில் எழுதிப் போட்டு விரலால் சுட்டுவார். எங்களுக்குக் கொண்டாட்டம். ஆனால் அம்மாவுக்கு அந்தச் சத்தம் வேறு மாதிரி கேட்டது.

பால் மரம் ஈரமாக இருந்தால் வெட்ட முடியாது. வெட்டினாலும் பால் கோட்டில் இறங்காமல் பட்டையெல்லாம் வழிந்து வீணாகிவிடும். எனவே விடியற்காலையில் மழை பெய்தால் அன்றைக்கு வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் அன்றையக் கூலி இல்லை. நான்கு மணிக்கு அம்மா படுக்கையிலேயே விழித்துக்கொண்டு கூரையைக் கேட்பார். ஆம், கேட்பார் என்றுதான் எழுத வேண்டும். முதலில் இங்கொன்றும் அங்கொன்றுமாக 'டொக், டொக்' என்று விழும். பிறகு மணலை அள்ளி வீசியது போல் ஒரு சத்தம். அதற்குப் பிறகு ஒரே இரைச்சல். அந்த இரைச்சலுக்குள் அம்மா பெருமூச்சு விடுவது பக்கத்தில் படுத்திருந்த எனக்கு மட்டும் தெரியும். அப்பாவோ திரும்பிப் படுத்துக்கொண்டு இழுத்துப் போர்த்திக்கொள்வார். ஆண்டு முழுவதும் அவர் உடம்புக்கு ஓய்வு கிடைத்தது அந்த நாள்களில்தான்.

"கிராணியார் வீட்டுல மழை பெய்யுறதே தெரியாது" என்று அம்மா அடிக்கடி சொல்வார். சின்ன வயதில் அங்கே துணி துவைக்கப் போனவர் அவர். ஓட்டுக்குக் கீழே பலகை அடித்திருந்ததால் பெருமழையும் தூரத்தில் யாரோ முறத்தில் அரிசி புடைப்பது போலத்தான் கேட்குமாம். கிராணியாருக்கு மாதச் சம்பளம். மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் அவருக்குச் சம்பளம் உண்டு. அம்மா இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னதில்லை. சேர்த்துப் பார்க்க எனக்கு முப்பத்தைந்து வயது ஆனது.

ஆகவே அம்மாவுக்கு ஓடு வாங்கித் தருவது என்று நான் மனத்துக்குள் முடிவு செய்துவிட்டுத்தான் ஏணியில் ஏறினேன். இறங்கும்போது அந்த முடிவு ஆட்டம் கண்டிருந்தது.

முதல் தடை எடை. கான்கிரீட் ஓடு ஒன்று நான்கு கிலோவுக்கு மேல் இருக்கும். ஒரு சதுர மீட்டருக்குப் பத்து ஓடுகள் பிடிக்கும். அப்படியானால் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 43 கிலோ. எங்கள் கூரை 75 சதுர மீட்டர். பெருக்கிப் பாருங்கள், மூன்று டன்னைத் தாண்டிவிடுகிறது. மூன்று மைவி கார்களை வீட்டின் தலையில் ஏற்றி நிறுத்துவது போல! இருந்த சிமெண்டுத் தகடோ சதுர மீட்டருக்குச் சுமார் 15 கிலோதான். அதைத் தாங்குவதற்காக 1990களில் சிக்கனமாக அடித்த மரச் சட்டங்கள் அவை. சீலிங் பலகையை விலக்கி விளக்கடித்துப் பார்த்தேன். சட்டங்கள் மெலிந்து, இடைவெளி அகலமாக இருந்தது. ஒழுகிய இடத்தில் இரண்டு சட்டங்கள் உளுத்துப்போய், விரலால் அழுத்தினால் மாவாக உதிர்ந்தன.

இரண்டாவது தடை சாய்வு. இதை யாரும் யோசிப்பதில்லை. ஓடு என்பது ஒன்றின் மேல் ஒன்று சாய்த்து வைத்த துண்டுகள். தண்ணீர் வேகமாக வழிந்தோடினால்தான் ஒழுகாது. சாய்வு குறைவாக இருந்தால் காற்றடிக்கும்போது மழைநீர் ஓட்டின் இடுக்கில் மேல்நோக்கி ஏறிவிடும். கான்கிரீட் ஓட்டுக்குப் பொதுவாக 17, 18 பாகைக்குக் குறையாத சாய்வு வேண்டும் என்பார்கள். எங்கள் கூரையின் சாய்வு 12 பாகை. நீளத் தகட்டுக்கு அது போதும், ஓட்டுக்குப் போதாது. ஓடு போடுவதென்றால் பழைய சட்டங்களை எல்லாம் கழற்றி எறிந்துவிட்டு முகட்டை உயர்த்திப் புதிதாகக் கட்ட வேண்டும். பக்கத்து வீட்டோடு பொதுச் சுவர் இருக்கிறது. நகராண்மைக் கழகத்துக்கு வரைபடம் அனுப்பி அனுமதி வாங்க வேண்டும். குத்தகையாளர் ஒருவர் இதற்கெல்லாம் சேர்த்து 34,000 வெள்ளி கேட்டார். வீடு வாங்கிய விலையை விட 9,000 வெள்ளி அதிகம்!

தகரம் போட்டால் சதுர மீட்டருக்கு ஐந்து கிலோ. உளுத்த இரண்டு சட்டங்களை மட்டும் மாற்றினால் போதும், செலவும் பாதிக்கும் குறைவு. அப்பா கணக்குப் போடாமலே சொன்னதற்குத்தான் நான் கணக்குப் போட்டு வந்து சேர்ந்திருந்தேன். அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

தம்பி ஒரு வழி கண்டுபிடித்தான். ஓடு போலவே மடித்து அச்சடித்த உலோகத் தகடு விற்கிறார்களாம். தூரத்தில் பார்த்தால் அசல் ஓடு. கடையிலிருந்து ஒரு துண்டு வாங்கி வந்து அம்மா கையில் கொடுத்தான். அம்மா திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல் நகத்தால் சுண்டினார். 'டங்' என்றது.

"இது ஓட்டு வேசம் போட்ட தகரம்டா" என்றார். "நமக்கு எதுக்கு இந்த வேசம்? தகரம்னா தகரமாவே போடுங்க."

அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டது என்று நாங்கள் நினைத்தோம். முடியவில்லை. செலவைக் குறைப்பதற்காக அப்பா ஒன்று சொன்னார். "புது ஜிங்கு அடிக்கத்தான் ஆள் வேணும். பழசைக் கழட்ட ஆள் எதுக்கு? நானே ஏறி உடைச்சுத் தள்ளிடறேன். ஆயிரம் வெள்ளி மிச்சம்."

அறுபத்தெட்டு வயது மனிதர் ஏணியில் ஏறுவது பற்றித் தம்பி ஏதோ சொல்லத் தொடங்கினான். எனக்கு அது காதில் விழவில்லை. பதினான்கு ஆண்டுகளாக நான் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்லியாக வேண்டிய இடத்துக்கு அப்பா என்னைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்.

2009ஆம் ஆண்டு, இரண்டாம் ஆண்டுப் படிப்பு. கட்டுமானப் பொருள்கள் பற்றிய விரிவுரை. விரிவுரையாளர் நெகிழிப் பைக்குள் மூடி முத்திரையிட்ட சாம்பல் நிறத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து, பையைத் திறக்காமல் பார்த்துவிட்டு அடுத்தவருக்குக் கொடுங்கள் என்றார். அலை வடிவம். உடைந்த ஓரத்தில் மெல்லிய நார்கள் நீட்டிக்கொண்டிருந்தன. என் கைக்கு வந்தபோது எனக்கு அது எங்கள் வீடு என்று தெரிந்தது. கல்நார் கலந்த சிமெண்டு. அசையாமல் உடையாமல் இருக்கும்வரை அதனால் ஆபத்து குறைவு. துளைத்தாலோ, அறுத்தாலோ, உடைத்தாலோ, தேய்த்தாலோ கண்ணுக்குத் தெரியாத நார்கள் காற்றில் கலந்து நுரையீரலில் போய்த் தங்கிவிடும். எல்லா வகைக் கல்நாரும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு வகைப்படுத்தியிருக்கிறது. நோய் தெரியவர இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகள்கூட ஆகலாம். விரிவுரையாளர் அமைதியாகச் சொல்லிக்கொண்டே போனார். நான் குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டேன்.

ஏனென்றால் அப்பா ஒவ்வோர் ஆண்டும் தீபாவளிக்கு முன் கூரை மேல் ஏறி, கம்பித் தூரிகையால் பாசியைத் தேய்த்துக் கழுவுவார். அம்மாவுக்கு ஓடு வாங்கித் தர முடியாதவர் இருக்கும் கூரையையாவது பளிச்சென்று வைத்திருக்க நினைத்தாரோ என்னவோ. காய்ந்த பாசியை முதலில் வறட்டு வறட்டென்று தேய்த்து உதிர்ப்பார். தண்ணீர் ஊற்றுவது அதற்குப் பிறகுதான்.

அந்த ஆண்டு தீபாவளிக்கு வீட்டுக்குப் போனபோது அப்பா மேலேதான் இருந்தார். தலையில் துண்டு, கையில் தூரிகை, அவரைச் சுற்றி வெளிறிய தூள். நான் கீழே நின்றபடி, "அப்பா, இறங்குங்க" என்று கத்தினேன். "என்னம்மா?" என்றார். என்ன சொல்வது? "தேய்ச்சுத் தேய்ச்சு மெலிஞ்சு போச்சுப்பா, ஓட்டை விழுந்துடும். இனிமே தேய்க்காதீங்க" என்றேன். பொறியியல் படிக்கும் மகள் சொன்னதால் நம்பி இறங்கிவிட்டார். அதன் பிறகு அவர் கூரையைத் தேய்க்கவில்லை. அந்த அளவுக்கு என் பொய் உதவியது.

உண்மையை ஏன் சொல்லவில்லை? கூரையை மாற்றக் கையில் பணமில்லை. நானும் கடன் வாங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். சொன்னால் அவர்கள் அந்தக் கூரையின் கீழ் எப்படித் தூங்குவார்கள் என்று நினைத்தேன். வேலைக்குப் போனதும் மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். வேலைக்குப் போன பிறகு கார், அதன் பிறகு திருமணம், அதன் பிறகு சொந்த வீட்டுக்கு முன்பணம். ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் இருந்தது. காரணங்களைப் பட்டியலிட்டால் எனக்கே நியாயமாகத்தான் தோன்றுகிறது. அதனால்தான் பட்டியலிட விருப்பமில்லை.

பொங்கலன்று எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அவர் கேட்டது தன்னைப் பற்றி அல்ல.

"நீங்க ரெண்டு பேரும் கீழ நின்னு வாளி தூக்கிக் குடுத்தீங்களே..."

தம்பி என்னைப் பார்த்தான். இதை நான் நினைத்துப் பார்க்காமல் இருந்தேன் என்று சொன்னால் நம்புவீர்களா? அந்த விரிவுரையை அப்பாவின் நுரையீரலோடு நிறுத்திக்கொண்டிருந்தேன்.

அம்மாதான் பேச்சைத் திருப்பினார். பால்வெட்டு குறைந்து செம்பனை வந்த பிறகு அவர் தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலைக்குப் போனவர். முதுகில் தோம்பைச் சுமந்துகொண்டு, கையுறையும் இல்லாமல், பாராகுவாட் அடித்தவர். அந்த மருந்து நம் நாட்டில் 2020இல்தான் முழுமையாகத் தடைசெய்யப்பட்டது. "அத்தனை வருசம் அதை அடிச்சேன். அது செய்யாததையா இந்தக் கூரை செஞ்சிடும்?" என்றார் சிரித்துக்கொண்டே. எங்கள் மூவருக்கும் சிரிப்பு வரவில்லை.

இரவு அப்பா என்னைத் தனியாகக் கேட்டார். "ஏம்மா அப்பவே சொல்லல?"

"மாத்தக் காசு இல்லையேப்பா."

"சொல்றதுக்குக் காசு வேணுமா?"

இதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. மறுவாரம் அவரை மருந்தகத்துக்கு அழைத்துப்போய் நெஞ்சுப் படம் எடுத்தோம். ஒன்றும் தென்படவில்லை, பழைய கதையைச் சொல்லி வைத்தது நல்லது, ஆண்டுதோறும் வாருங்கள் என்றார் மருத்துவர். போய்க்கொண்டிருக்கிறோம்.

கூரையை யார் போடுவது என்பதைவிட யார் கழற்றுவது என்பது அதன் பிறகு பெரிய கேள்வியாகிவிட்டது. முதலில் பார்க்க வந்தவர், "சுத்தியலால ரெண்டு தட்டு, லாரியில அள்ளிப் போட்டா அரை நாள் வேலை" என்றார். எங்கே கொட்டுவீர்கள் என்று கேட்டேன். கையால் பொதுவாக ஒரு திசையைக் காட்டினார். அவருக்கு நன்றி சொல்லி அனுப்பிவிட்டோம். 2005ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு விதிமுறைகளில் கல்நார்க் கழிவுக்கென்றே எஸ்.டபிள்யூ. 201 என்று ஓர் எண் இருக்கிறது. உரிமம் பெற்றவர்கள் வந்து எடுத்துப்போக வேண்டிய பொருள் அது. அப்படிப்பட்ட ஆள்களைத் தேடிப் பிடிக்க இரண்டு மாதம் ஆயிற்று. அதற்குத் தனியாக 3,000 வெள்ளி.

இடையில் தகரம் வாங்கக் கடை கடையாக அலைந்தேன். இந்த விவரம் உங்களில் யாருக்காவது ஒரு நாள் பயன்படும் என்பதால் எழுதுகிறேன். நாம் ஜிங்கு என்று சொல்வது முழுத் துத்தநாகம் இல்லை, எஃகுத் தகட்டின் மேல் பூச்சு. இப்போது பரவலாக வரும் பூச்சில் 55 விழுக்காடு அலுமினியம், 43.4 விழுக்காடு துத்தநாகம், எஞ்சியது சிலிக்கன். பழைய வெறும் துத்தநாகப் பூச்சை விட இது அதிக நாள் துருவைத் தாங்கும். கடற்கரை வட்டாரத்தில் இருக்கும் எங்களுக்கு அது முக்கியம். தடிப்பு எவ்வளவு என்று கேட்டால் கடைக்காரர் 0.48 என்பார். அது பூச்சையும் சேர்த்தா, எஃகு மட்டுமா என்று திருப்பிக் கேளுங்கள். பூச்சைக் கழித்தால் 0.42தான் நிற்கும். சில இடங்களில் அதற்கும் கீழே. இன்னொன்று, தகடு கெட்டுப்போவதற்கு முன்னால் திருகாணியின் அடியில் இருக்கும் ரப்பர் வளையம் வெயிலில் வெடித்துவிடும், ஒழுகல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். தகட்டில் பணம் போட்டுவிட்டுத் திருகாணியில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

நிறத்தை அம்மா தேர்ந்தெடுத்தார். செங்கல் சிவப்பு. தம்பி வாயைத் திறக்கப் போனான். நான் அவன் காலை மிதித்தேன்.

எனக்கு மிச்சமிருந்த கவலை சத்தம். எத்தனை நல்ல பூச்சானாலும் தகரம் தகரம்தானே, மழை விழுந்தால் அலறும். அம்மா தோட்டத்தை விட்டு வந்து இருபத்தேழு ஆண்டுகள் கழித்து அவரை மறுபடியும் அந்த இரைச்சலுக்குக் கீழே படுக்க வைப்பதா? தகட்டுக்கு அடியில் அலுமினியத் தாளும் அதற்கும் கீழே ஐம்பது மில்லிமீட்டர் தடிப்பில் பாறைக் கம்பளியும் விரிக்கலாம் என்றார் குத்தகையாளர். பாறையை உருக்கி நூற்றுப் பஞ்சு போல ஆக்கிய பொருள். வெயிலையும் தடுக்கும், ஓசையையும் அமுக்கும். பஞ்சையும் இரண்டு புதிய சட்டங்களையும் சேர்த்து மொத்தம் 13,500. ஓட்டுக்குக் கேட்டதில் பாதிகூட இல்லை. முடித்துக் கொடுங்கள் என்றேன்.

வேலை தொடங்கிய நாளில் பக்கத்து வீட்டு மாக்சிக்கிடம் விவரம் சொல்லி, பேரப்பிள்ளைகளை அன்று வேறெங்காவது அழைத்துப் போகச் சொன்னோம். ஆள்கள் முகமூடியும் முழுக்க மூடிய உடையும் அணிந்து, தகடுகளை நனைத்து, கொக்கி ஆணிகளை வெட்டி, ஒவ்வொன்றாக உடையாமல் இறக்கினார்கள். நெகிழித் தாளில் சுற்றி ஒட்டினார்கள். நாங்கள் சாலையின் மறுபக்கம் புளிய மரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். மாலைக்குள் வீடு தலைதிறந்து நின்றது. வரவேற்பறையில் வெயில் நேராக விழுந்து, சாமிப் படம் இருந்த சுவரில் சதுரமாக ஒரு வெளுப்பு தெரிந்தது. மாக்சிக் திரும்பி வந்ததும் முதல் வேலையாகத் தம் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, எவ்வளவு ஆனது என்று கேட்டார். அவர் கூரையும் அதே தகடுதான். வரிசை முழுவதும் அதே தகடுதான்.

மூன்றாம் நாள் வேலை முடிந்தது. நான்கு தகடுகள் மிஞ்சின. கார் நிறுத்தும் இடத்துக்கு மேலே அவற்றை அடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அங்கே பஞ்சும் இல்லை, தாளும் இல்லை, வெறும் தகரம்.

அடுத்த வாரம் நான் அங்கே தங்கியிருந்த இரவில் மழை வந்தது. எனக்கு அது மழை என்று உடனே தெரியவில்லை. தூரத்தில் எங்கோ யாரோ எதையோ புடைப்பது போல ஓர் ஓசை. விழித்துப் பார்த்தபோது மணி நான்கு பத்து. அம்மாவின் அறையை எட்டிப் பார்த்தேன். வாயைக் கொஞ்சம் திறந்தபடி அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். அப்பாவின் பக்கம் காலியாக இருந்தது.

வாசல் கதவு திறந்திருந்தது. அப்பா காருக்குப் பக்கத்தில் நெகிழி நாற்காலியைப் போட்டு, போர்வையைத் தோளோடு சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேல் அந்த நான்கு தகடும் அலறிக்கொண்டிருந்தன. ஏதோ கேட்டேன். அவருக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் இன்னொரு நாற்காலியைக் காலால் இழுத்துப் போட்டார்.